புகை பீர்: எந்தக் கிளாஸில் தொடங்குவது?

புகை பீரை முதல் தடவை வாயில் வைத்தவர்களின் முகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மாறும். ஒரு மடக்கு குடிப்பார்கள், கிளாஸைக் கீழே வைப்பார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "இதில் பன்றிக்கறி ஏதாவது போட்டிருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். என் முதல் புகை பீர் அதைவிட மோசமாக இருந்தது. பீர் காய்ச்சுகிற ஒரு சிறிய மதுவடிப்பாலையில் வாங்கியது. குடித்ததும் மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பாதியிலேயே வைத்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு வருடம் புகை என்ற சொல் எழுதியிருந்த எந்தப் பாட்டிலையும் தொடவில்லை.

இன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்த பீர் எது என்று கேட்டால், ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகை பீரைத்தான் சொல்வேன். இடையில் என் நாக்கு மாறிவிடவில்லை. நான் தொடங்கிய இடம்தான் தப்பு. அதனால் "புகை பீர் குடிக்க நன்றாக இருக்குமா?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் சட்டென்று சொல்வதில்லை. எந்தப் புகை பீர், எவ்வளவு குடிக்கப்போகிறீர்கள், கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், அந்த ஆளுக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை நீண்டு வளர்வதற்குள் உலர்த்தினால் கிடைப்பதுதான் மால்ட். அந்த ஈரமான மால்ட்டை ஓட்டை போட்ட தளத்தில் பரப்பி, கீழே விறகு எரித்து உலர்த்தினால் சூடும் புகையும் சேர்ந்தே மேலே வரும். ஈரமாக இருக்கும் தானியம் புகையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். பீரில் யாரும் புகையை ஊதுவதில்லை, எசன்ஸ் விடுவதும் இல்லை. மால்ட்டிலேயே அது இருக்கிறது.

பழைய காலத்து பீர் எல்லாமே புகை நாற்றம் அடித்தது என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. வெயிலிலும் காற்றிலும் உலர்த்திய மால்ட் அப்போதே இருந்தது, வைக்கோல் எரித்து உலர்த்தியதும் இருந்தது. ஆனால் விறகு எரித்து உலர்த்திய ஊர்களில் பீருக்குப் புகை வாசம் இருந்தது நிச்சயம். பிறகு கோக் கரி வந்தது, புகை தானியத்தில் படாமல் சூடு மட்டும் போகிற அடுப்புகள் வந்தன. ஊருக்கு ஊர் புகை வாசம் மறைந்தது. ஆனால் பாம்பெர்க்கில் இரண்டு மதுவடிப்பாலைகள் தங்கள் விறகு அடுப்பை விடவே இல்லை. ஒன்று ஷ்லெங்கர்லா, இன்னொன்று ஸ்பெட்ஸியால். இரண்டும் இன்றுவரை மால்ட்டைத் தாங்களே பீச் (beech) மரக்கட்டையில் உலர்த்திக்கொள்கின்றன. மற்ற இடங்களில் கிடைக்கும் புகை பீர்களில் பல, மறைந்துபோன பிறகு யாரோ ஆசைப்பட்டு மீட்டுக் கொண்டுவந்தவை. இந்த இரண்டு இடத்திலும் அது விட்டுப்போகவே இல்லை. எந்த ஒப்பீடும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, ஏன் கறி வாசம்? மரத்தில் லிக்னின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது தீயில் சிதையும்போது குவாயாகால், சிரிங்கால் போன்ற வாசனைப் பொருட்கள் உண்டாகின்றன. ஐரோப்பாவில் பல இடங்களில் பன்றித் தொடையைப் புகையிடுவதும் இதே பீச் மரத்தில்தான். ஆக, மூக்குக்கு ஏற்கெனவே தெரிந்த வாசம் கிளாஸிலிருந்து வருகிறது. மூளை உடனே "கறி" என்று பெயர் வைத்துவிடுகிறது. புகையிட்ட இறைச்சியோ மீனோ சாப்பிட்டே பழகாத ஒருவருக்குக் கொடுத்தால் அவர் கறி என்று சொல்வதில்லை, அணைந்த விறகடுப்பு என்பார். ஒரே வாசம்தான். அவரவர் நினைவு அதற்கு வேறு வேறு பெயர் வைக்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. புகை பீரைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். மூக்கு புகைக்கு மிகச் சீக்கிரம் பழகிவிடும். புகை மண்டிய சமையலறைக்குள் நுழையும்போது கண்ணும் மூக்கும் எரியும். பத்து நிமிடம் உள்ளே இருந்தால் புகை இருப்பதே மறந்துபோகும். பீரிலும் அப்படித்தான். முதல் மடக்கில் புகை மட்டும்தான் தெரியும். நாலாவது ஐந்தாவது மடக்கில் அது பின்னால் நகரத் தொடங்கும். அரை கிளாஸ் முடியும்போது, அதுவரை மறைந்திருந்த மால்ட்டின் இனிப்பும், கசப்புக்காகச் சேர்க்கிற ஹாப்ஸ் பூவின் கசப்பும் முன்னால் வந்துவிடும். ஆக முதல் மடக்கில் நீங்கள் சொல்லும் தீர்ப்பு பீரைப் பற்றியதே இல்லை, புகையைப் பற்றியது. ஷ்லெங்கர்லாகாரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முதல் மடக்கில் கொஞ்சம் அந்நியமாகத் தெரிந்தாலும் மனம் தளராதே, தாகம் தணியாமல் சுகம் மட்டும் கூடிக்கொண்டே போவதைச் சீக்கிரமே உணர்வாய் என்று பழைய ஜெர்மன் நடையில் ஒரு வாசகமே வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் புகை பீரை ருசிபார்க்கும் கூட்டங்களில் சின்னச் சின்ன கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு பாட்டிலை ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று மடக்கு. மூக்கு பழகுவதற்குள் கிளாஸ் காலி. ஐந்து பேரும் "ஒரு தடவை குடிக்கலாம், அதற்கு மேல் முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அரை லிட்டரை ஒரே ஆள் நிதானமாகக் குடித்துவிட்டு அப்படிச் சொல்வதைக் கேட்டது மிகக் குறைவு.

இனி எதை எடுப்பது என்ற கேள்விக்கு வருவோம்.

ஷ்லெங்கர்லா மேர்ட்சன்தான் எல்லோரும் சொல்கிற பெயர். உலகத்தில் பல நாடுகளில் கிடைப்பதும் இதுதான். ஆல்கஹால் 5.1 சதவீதம். ஊற்றினால் ஏறக்குறைய கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரியும். நுரை லேசான பழுப்பு நிறம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போதே புகை வந்து முட்டும். குடித்தால் முதலில் புகை, உடனே பின்னால் ரொட்டியின் மேல்தோல் மாதிரி ஒரு ருசி, கடைசியில் நல்ல வறண்ட கசப்பு. இந்த வறட்சிதான் இதைக் காப்பாற்றுகிறது. இனிப்பாக முடிந்திருந்தால் புகையும் இனிப்பும் சேர்ந்து இரண்டாவது கிளாஸில் திகட்டிவிடும். மேர்ட்சன் திகட்டாது. வாய் காய்ந்த மாதிரி முடிவதால் கை தானாக அடுத்த மடக்குக்குப் போகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஸ்பெட்ஸியாலின் லாகர். 1536 முதல் இருக்கிற இடம். அம்பர் நிறம், ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஆல்கஹால். இங்கே புகை கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. முதலில் மால்ட் தெரியும், பிறகு ஒரு மெல்லிய புகை, அதுவும் பாதி மூக்கில் பாதி தொண்டையில். முதல் மடக்கிலேயே பிடித்துவிடும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம். பாம்பெர்க்கில் இதைத் தினமும் குடிப்பவர்களுக்கு இது ஒரு விசேஷ பீரே இல்லை, வழக்கமான மாலை நேரத்து பீர். ஒரே குறை, பாம்பெர்க்குக்கு வெளியே கிடைப்பது கஷ்டம்.

இரண்டில் எதை முதலில் எடுப்பது? மெல்லியதிலிருந்து தொடங்கு என்பதுதான் வழக்கமான அறிவுரை. இரண்டும் கையருகே இருந்தால் எனக்கும் அது சம்மதம். ஆனால் ஒன்றுதான் கிடைக்கும், அதுவும் பாட்டிலில்தான் என்றால் மேர்ட்சனையே எடுங்கள். முழு அரை லிட்டரையும் நீங்களே குடியுங்கள். பயந்துகொண்டு ஷ்லெங்கர்லாவின் ஹெல்லஸ் லாகரை எடுப்பவர்கள் உண்டு. அது நல்ல பீர், 4.3 சதவீதம், வெளிர் மஞ்சள். ஆனால் அதில் புகையிட்ட மால்ட்டே கிடையாது. அதே கொப்பரையில் காய்ச்சி அதே ஈஸ்ட்டில் புளிக்கவைப்பதால் புகை ஒரு நிழல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைக் குடித்துவிட்டுப் புகை பீர் எனக்குப் பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ முடிவு செய்ய முடியாது. மேர்ட்சனை நாலைந்து தடவை குடித்த பிறகு இதைக் குடித்துப் பாருங்கள், அப்போதுதான் அந்த நிழலின் அழகு புரியும்.

ஷ்லெங்கர்லாவின் கோதுமை பீர் எனக்கு ஒட்டவில்லை. கோதுமை பீருக்கே உரிய வாழைப்பழ, கிராம்பு வாசம் ஒரு பக்கம் இழுக்கிறது, புகை இன்னொரு பக்கம் இழுக்கிறது. கோதுமை பீரை ஏற்கெனவே விரும்பிக் குடிப்பவர்கள் சிலர் இதுதான் வரிசையிலேயே சிறந்தது என்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். என் மூக்குக்குத்தான் அது இசையவில்லை.

கனமானவை இரண்டு. இலையுதிர்காலத்தில் வருகிற ஊர்பாக் 6.5 சதவீதம். கிறிஸ்துமஸ் காலத்தில் வருகிற ஐஹே 8 சதவீதம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆல்கஹாலும் மால்ட்டும் கூடினால் புகையும் கூடித்தானே தெரிய வேண்டும்? அப்படி இல்லை. ஊர்பாக்கில் மால்ட் இனிப்பு அதிகம். அந்த இனிப்பு புகையை உள்ளே வாங்கிக்கொள்கிறது. மேர்ட்சனைத் தள்ளிவைத்த இரண்டு பேர் ஊர்பாக்கை ரசித்துக் குடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஐஹே என்றால் ஜெர்மன் மொழியில் ஓக். அதற்கான மால்ட்டைப் பீச்சுக்குப் பதில் ஓக் கட்டையில் உலர்த்துகிறார்கள். ஓக் புகை மேர்ட்சனின் புகையைவிட வட்டமாக, மென்மையாக இருக்கும். ஒரே அடுப்புக்காரர்கள் மரத்தை மட்டும் மாற்றினால் பீர் எப்படி மாறும் என்று தெரிந்துகொள்ள மேர்ட்சனையும் இதையும் அடுத்தடுத்த நாளில் குடித்துப் பார்க்கலாம். ஆனால் 8 சதவீதம் என்பது அரை லிட்டருக்கு நிறையவே. முதல் அறிமுகத்துக்கு இதை எடுக்க வேண்டாம். நிதானமாகக் குடித்தால்தான் இதில் சுகம். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே ஊர். புகை பீர் என்றால் கனமாக, கறுப்பாக இருக்கும் என்று நினைப்பவர்களை நான் போலந்துக்குத் திருப்பிவிடுவேன். அங்கே க்ரோஜிஸ்க் வியெல்கோபோல்ஸ்கி என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே க்ரோஜிஸ்கியே என்று ஒரு பீர். பார்லி கிடையாது, முழுக்க கோதுமை மால்ட், அதுவும் ஓக் புகையில் உலர்த்தியது. ஆல்கஹால் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நிறம் வைக்கோல் மஞ்சள். கண்ணாடி மாதிரி தெளிவு, உயரமான கிளாஸில் பொங்கி நிற்கிற வெள்ளை நுரை, நாக்கைக் குத்துகிற குமிழி. போலந்தின் ஷாம்பெயின் என்று அதைச் சொல்வது சும்மா இல்லை. வெயில் நேரத்தில் தாகத்துக்கு ஒரு புகை பீர் குடிக்க முடியுமா என்று கேட்டால், இது ஒன்றுதான் அதற்குப் பதில்.

அந்த ஊரின் கடைசி மதுவடிப்பாலை 1993-இல் நின்றுபோனது. போலந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஆர்வலர்கள் அந்த முறையையும் ஈஸ்ட்டையும் தேடிப் பிடித்து, குடித்து ஞாபகம் வைத்திருந்தவர்களிடம் ருசியைச் சரிபார்த்து அதை மீட்டார்கள். 2015-இல் அந்த ஊரிலேயே மறுபடியும் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பீருக்காக இவ்வளவு பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். அப்புறம், குடித்துப் பார்த்தால் ஏன் மெனக்கெட்டார்கள் என்பதும் புரியும். மேர்ட்சனில் புகை போர்வை மாதிரி மேலே விழுகிறது. இதில் தீக்குச்சி அணைந்த நொடியில் வருகிற ஒரு இழைப் புகை மாதிரி வந்து போகிறது. குறை என்று சொன்னால், உடம்பு மெலிந்த பீர். கனமான ருசியை எதிர்பார்ப்பவருக்குத் தண்ணீர் மாதிரி தோன்றலாம்.

இதற்கு உறவுக்காரன் ஜெர்மனியில் யேனா நகரத்துப் பக்கத்தில் பிறந்த லிஷ்டென்ஹைனர். இதில் புகையோடு புளிப்பும் இருக்கும். புளிப்பு பீர் பிடிப்பவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும். மற்றவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு புது விஷயங்களைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். நார்வேயின் ஸ்டியோர்டால் பகுதியில் விவசாயிகள் தாங்களே ஆல்டர் மரப் புகையில் மால்ட் உலர்த்திக் காய்ச்சுகிறார்கள். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் புகையிட்ட மால்ட்டோடு ஜூனிபர் கிளையும் சேர்ப்பார்கள். இரண்டும் பெரும்பாலும் வீட்டு பீர்கள். அங்கே போய் ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

காபியும் டார்க் சாக்லேட்டும் பிடிக்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் உங்களுக்கு வழியே வேறு. புகை போர்ட்டரில் தொடங்குங்கள். போர்ட்டர் என்றால் வறுத்த மால்ட் சேர்த்துக் காய்ச்சுகிற கறுப்பு பீர். அமெரிக்காவில் அலாஸ்காவின் ஜூனோ நகரத்தில் 1988-இல் ஒரு புகை போர்ட்டர் வெளிவந்தது. அந்த ஊரில் சால்மன் மீனைப் புகையிட ஆல்டர் மரத்தைத்தான் பயன்படுத்துவார்கள். பக்கத்தில் இருந்த மீன் புகைக்கூடத்திலேயே மால்ட்டையும் புகையிட்டு அந்த போர்ட்டரைக் காய்ச்சினார்கள். அலாஸ்கன் ஸ்மோக்டு போர்ட்டர் என்ற அந்த பீர்தான் அமெரிக்காவில் புகை பீர் என்ற எண்ணத்துக்கே வழி திறந்தது. போர்ட்டரில் வறுத்த மால்ட்டின் கசப்பும் காபி வாசமும் ஏற்கெனவே இருக்கிறது. புகை அதில் வந்து சேரும்போது வெளி ஆள் மாதிரி தெரிவதில்லை. வறுத்த வாசத்தின் தொடர்ச்சி மாதிரிதான் தெரிகிறது. பாட்டிலில் ஆண்டு போட்டு வருவதால் எடுத்துவைத்து சில வருடம் கழித்துக் குடிப்பவர்களும் உண்டு. வருடம் போகப் போகப் புகை அடங்கி, உலர்ந்த பழ வாசம் மேலே வரும்.

பயப்படாமல் நுழைய இது நல்ல வாசல். ஆனால் இது பிடித்ததால் மேர்ட்சனும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். போர்ட்டரில் புகைக்கு ஒளிந்துகொள்ள இடம் நிறைய. மேர்ட்சனில் இல்லை.

இப்போது அந்த மருந்துக்கடைக்கு வருகிறேன். நான் முதலில் குடித்தது விறகுப் புகை போட்ட மால்ட்டில் செய்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அது பீட் புகை. சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மக்கிப் படிந்த கரிமண்ணை வெட்டி, காயவைத்து எரிப்பதுதான் பீட். ஸ்காட்லாந்தின் விஸ்கிக்கு, அதிலும் ஐலா தீவின் விஸ்கிக்கு, அந்த வாசத்தைக் கொடுப்பது அதுதான். அதன் புகையில் கிரெசால் போன்ற ஃபீனால் வகைகள் தூக்கலாக இருக்கும். கிருமிநாசினியிலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியிலும் நாம் முகர்ந்து பழகிய வாசம். விஸ்கியை வடிக்கும்போது அந்த வாசத்தில் ஒரு பங்குதான் மேலே வருகிறது, பிறகு மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து அடங்குகிறது. பீரில் வடிப்பதும் இல்லை, அவ்வளவு காலம் கிடப்பதும் இல்லை. மால்ட்டில் இருந்தது அப்படியே கிளாஸுக்கு வந்துவிடும். ஒரு சிட்டிகை கூடினாலும் மற்ற எல்லா ருசியையும் தின்றுவிடும். பீச் புகைக்கு மூக்கு பழகுகிற மாதிரி இதற்கு என் மூக்கு பழகவில்லை. கடைசி மடக்கில்கூட முதல் மடக்கு மாதிரியே இருந்தது.

பீட் விஸ்கியை விரும்பிக் குடிப்பவர்களுக்கு அந்த பீரும் பிடிக்கலாம். மற்றவர்கள் புட்டியின் மேல் சின்ன எழுத்தில் என்ன மரம், என்ன புகை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பீச், ஓக், ஆல்டர் என்று இருந்தால் தைரியமாக எடுக்கலாம். பீட் என்று இருந்தால் அதை முதல் புகை பீராக ஆக்கிக்கொள்ள வேண்டாம். எத்தனை பேர் என்னைப் போல அந்த ஒரு பாட்டிலை வைத்து இந்த வகையையே கைவிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

வீட்டில் காய்ச்சுபவர்களுக்கும் இதே தேர்வுதான் வரும். பாம்பெர்க்கிலேயே 1879 முதல் இயங்கும் வையர்மான் நிறுவனம் பீச் புகை மால்ட்டை உலகம் முழுக்க அனுப்புகிறது. அதில் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். முதலில் மொறுமொறுப்பு, பிறகு இனிப்பு. புகையே இல்லையே என்று தோன்றும். மென்று விழுங்கி மூக்கு வழியாக மூச்சை விடும்போதுதான் புகை வரும். பீர் எப்படி இருக்கப்போகிறது என்பதை அந்த ஒரு மணி சொல்லிவிடும். மூச்சில் புகை மெலிந்திருந்தால் மால்ட் பழசு. வைக்க வைக்கப் புகை பறந்துவிடும். புதுசாக இருந்தால் மொத்த மால்ட்டில் பாதியை இதில் போட்டாலே புகை தெளிவாகத் தெரியும். முழுக்கவும் இதையே போடலாம், தப்பில்லை. பயந்து நூற்றுக்கு ஐந்து பங்கு போட்டால் புகையும் தெரியாது, பீரும் குழம்பிப்போகும். பீட் மால்ட் என்றால் கணக்கு நேர்மாறு, அந்த ஐந்து பங்கே அதிகம்.

எந்த பீரை எடுத்தாலும் அதைக் குடிக்கிற விதம் பாதி வேலை செய்யும். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் மால்ட் வாசம் எழவே எழாது, புகையும் கசப்பும் மட்டும் கூராக நிற்கும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரியாக இருக்கும். ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவில் வேறு பீர் குடிக்காதீர்கள். மூக்கு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டோடு குடிப்பதா, தனியாகவா? கனமான கறி வகைகளோடுதான் குடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். பாம்பெர்க்கில் பெரிய வெங்காயத்தின் நடுவைக் குடைந்து, கறி அடைத்து, புகை பீர் சேர்த்த குழம்போடு கொடுக்கிற ஒரு உணவு உண்டு. அதோடு மேர்ட்சன் அவ்வளவு பொருத்தம். ஆனால் முதல் கிளாஸுக்கு என் யோசனை வேறு. புகையிட்ட எதையும் அதோடு சாப்பிடாதீர்கள். புகையோடு புகை சேர்ந்தால் எது தட்டிலிருந்து வருகிறது, எது கிளாஸிலிருந்து வருகிறது என்று தெரியாமல் போகும். கொஞ்சம் ரொட்டியும், முற்றிய கெட்டிப் பாலாடைக் கட்டியும் போதும். பாலாடைக் கட்டியின் உப்பும் கொழுப்பும் புகையின் முனையை மழுக்கிவிடும். இரண்டாவது கிளாஸிலிருந்து என்ன வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்.

இது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். புகை வாசம் பட்டாலே தலைவலி வருகிறவர்கள் இருக்கிறார்கள். புகையிட்ட மீனையோ பாலாடைக் கட்டியையோ வாயிலேயே வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்பெட்ஸியாலே அதிகம். மற்றவர்களுக்கு என் அளவுகோல் இது: வேறு வேறு நாளில் இரண்டு முழு கிளாஸ். இரண்டாவது கிளாஸின் அடியை எட்டியும் "முடிந்ததே" என்ற நிம்மதிதான் வருகிறது என்றால் அது உங்களுக்கானது இல்லை, விட்டுவிடலாம். அதற்கு முன்னால் முடிவு செய்யாதீர்கள்.

பாம்பெர்க்குக்கே போக முடிந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அந்த ஊரின் அமைப்பே வரிசையைச் சொல்லிக்கொடுத்துவிடும். ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடக்கும் வழியில் ஓபெரெ கோனிக்ஸ்ட்ராஸ தெருவில் முதலில் வருவது ஸ்பெட்ஸியால். அங்கே ஒரு கிளாஸ். பிறகு ஆற்றைத் தாண்டி, சந்தைத் தெரு வழியாக, ஆற்றின் நடுவிலேயே நிற்கிற பழைய நகர மன்றத்தைக் கடந்து போனால் கால் மணி நேரத்தில் தொமினிக்கானெர்ஸ்ட்ராஸ தெருவில் ஷ்லெங்கர்லா. 1405-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பேர் வந்த வீடு. உள்ளே உத்தரங்கள் கறுத்திருக்கும். மரப்பீப்பாயிலிருந்து நேராகக் கிளாஸில் விழும் மேர்ட்சனில் குமிழி குறைவு, நுரை வழவழப்பு. பாட்டிலில் குடித்ததைவிட ஒரு படி மென்மை. உட்கார இடம் இல்லாவிட்டால் கிளாஸை வாங்கிக்கொண்டு தெருவிலேயே நின்று குடிப்பவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

நான் போன அன்று மதியம் ஸ்பெட்ஸியாலில் ஒன்று, ஷ்லெங்கர்லாவில் இரண்டு. மதியம் ஸ்பெட்ஸியாலில் குடித்தபோது அந்த மெல்லிய புகையைத் தொண்டையில் தேடித் தேடி ரசித்தேன். மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது, திரும்பும் வழியில் மறுபடியும் ஸ்பெட்ஸியாலில் நுழைந்தேன். அதே லாகர், ஏறக்குறைய அதே மேசை. கிளாஸை மூக்கருகே வைத்து இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன். புகையே இல்லை. ரொட்டி வாசமும், தேன் மாதிரி ஒரு இனிப்பும், கடைசியில் கொஞ்சம் கசப்பும் மட்டும்தான் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த முதியவர் நான் கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "ஷ்லெங்கர்லாவிலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டார்.